மீண்டும் வந்த ஜாவா: வடிவத்துக்குள் இருக்கும் இயற்பியல்

தயாரிப்பு நின்றுபோன ஒரு வண்டி பல ஆண்டுகள் கழித்து அதே பெயரில் மீண்டும் வரப்போகிறது என்று செய்தி வந்தால், அதன் ரசிகர்கள் முதலில் கேட்பது என்ன? "எத்தனை குதிரைத்திறன்?" என்பதன்று. "பார்க்கப் பழைய வண்டி மாதிரியே இருக்குமா?" என்பதுதான்.

நம் நாட்டில் இந்தக் கேள்வி பலமாக எழுந்தது ஜாவா மோட்டார் சைக்கிளுக்காக. 1929-இல் செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரில் யானெச்செக் என்ற பொறியாளர் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். தம் பெயரின் முதல் எழுத்துகளையும், தாம் வாங்கிய வாண்டரர் மோட்டார் சைக்கிள் பிரிவின் முதல் எழுத்துகளையும் சேர்த்து 'ஜாவா' என்று பெயரிட்டார். 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இவ்வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. 1973 முதல் அவை 'எஸ்டி' என்ற பெயரில் விற்றன. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. மகிந்திரா குழுமத்தைச் சேர்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2018 நவம்பர் 15 அன்று புதிய ஜாவாவை அறிமுகம் செய்தது. 2022 ஜனவரியில் எஸ்டியும் திரும்பி வந்தது.

ரசிகர்களின் எதிர்பார்ப்புகளை ஐந்தாகத் தொகுக்கலாம். உருண்டு திரண்ட பெட்ரோல் டேங்க், எஞ்சினைச் சுற்றித் தகடு தகடாக நிற்கும் வரிகள், வண்டியின் இருபுறமும் நீண்டு செல்லும் இரண்டு சைலன்சர்கள், கம்பிச் சக்கரங்கள், தெருமுனையில் வரும்போதே "ஜாவா வருகிறது" என்று சொல்லவைக்கும் அந்த ஓசை.

முதல் நான்கும் கிடைத்தன. ஐந்தாவது கிடைக்கவில்லை. ஏன்? இதற்கான விடை உங்கள் இயற்பியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

கோயிலும் வீணையும் கற்பிப்பவை

எஞ்சினுக்குள் நுழையுமுன் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சற்று அண்ணாந்து பாருங்கள். 1010-இல் முடிக்கப்பட்ட அந்தக் கற்கோபுரத்தில் தளந்தோறும் குதிரை லாடம் போன்ற சிறு வளைவுகள் வரிசையாக இருக்கும். சிற்பிகள் இதைக் 'கூடு' என்பார்கள். மரச் சட்டங்களை வளைத்துக் கூரை வேய்ந்த பழங்காலக் கட்டடத்தின் முகப்பு வடிவம் அது. கல்லுக்கு அந்த வளைவு தேவையில்லை. ஆனாலும் மரக் கட்டடத்தின் நினைவைக் கல் சுமந்து நிற்கிறது.

அடுத்து, தஞ்சாவூர் வீணை. பலாமரக் குடம் ஒருபுறம். யாளி முகத்தருகே சுரைக்காய் வடிவில் சிறிய குடுக்கை மறுபுறம். பழைய தண்டு வகை வீணைகளில் சுரைக்குடுக்கைதான் ஒலியைப் பெருக்கிற்று. இன்றைய வீணையில் அந்த வேலையைப் பெரிய குடம் ஏற்றுக்கொண்டுவிட்டது. சிறிய குடுக்கைக்கு இப்போது வேறு வேலை: வாசிப்பவரின் தொடைமீது அமர்ந்து வீணையைத் தாங்குவது. அதனால்தான் அதைக் காகிதக் கூழாலோ உலோகத் தகட்டாலோ செய்தாலும் நாதம் பெரிதாகக் கெடுவதில்லை.

ஆக, பழைய வடிவம் ஒன்று புதிய பொருளில் தொடர்ந்தால் அதற்கு மூன்று நிலைகள் உண்டு. ஒன்று, பழைய வேலையையே செய்துகொண்டிருக்கும். இரண்டு, வேறு வேலைக்கு மாறியிருக்கும். மூன்று, வேலை எதுவும் இன்றி நினைவாக மட்டும் நிற்கும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஜாவாவைப் பார்ப்போம்.

எஞ்சினைச் சுற்றியுள்ள வரிகள்

பெட்ரோல் எரிந்து வெளிப்படும் வெப்பத்தில் ஏறத்தாழ கால் பங்கோ சற்றுக் கூடுதலாகவோதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. மீதியில் ஒரு பெரும் பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பெரும் பகுதி எஞ்சினின் உலோகத்தில் ஏறுகிறது. அதை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் விரிந்து உருளையில் இறுகிக்கொள்ளும்.

ஒரு பரப்பிலிருந்து காற்றுக்குச் செல்லும் வெப்பம் எவற்றைப் பொறுத்தது? பரப்பளவு, பரப்புக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு, காற்று வீசும் வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது. வெப்பநிலையை அளவின்றி ஏறவிட முடியாது. வேகம் ஓட்டுபவர் கையில் இருக்கிறது. எனவே பொறியாளர் கைவைக்கக்கூடியது பரப்பளவில்தான். அதற்காகப் பிறந்தவையே அந்த வரிகள். மெக்கானிக்குகள் இவற்றை 'ஃபின்' என்பார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 10 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள வழவழப்பான உருளையின் பக்கப்பரப்பு 3.14 × 10 × 10 = 314 சதுர செ.மீ. இதைச் சுற்றி 16 செ.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள பத்து வளையத் தகடுகளைப் பொருத்துவோம். ஒரு தகட்டின் இருமுகப் பரப்பு 2 × 3.14 × (64 − 25) = சுமார் 245 சதுர செ.மீ. பத்துத் தகடுகளுக்கு 2,450. தகடுகளின் விளிம்புகளுக்குச் சுமார் 100. தகடுகளுக்கு இடையே எஞ்சிய உருளைப் பரப்பு சுமார் 250. ஆகக் கூடுதல் ஏறத்தாழ 2,800 சதுர செ.மீ. அதாவது, பரப்பு ஒன்பது மடங்காகிவிட்டது! தகட்டின் நுனி அடிப்பகுதியைவிடக் குளிர்ந்திருக்குமாதலால் வெப்ப இழப்பு முழு ஒன்பது மடங்காக ஆகாது. ஆயினும் ஆதாயம் பெரிதே.

மைசூரில் செய்த பழைய ஜாவாவில் இந்த வரிகள் உயிர்காக்கும் உறுப்புகள். 2018-இல் வந்த ஜாவாவின் 293 கன செ.மீ. எஞ்சினோ திரவத்தால் குளிர்விக்கப்படுவது. திரவக் குளிர்விப்பு நம் டெல்டாவுக்குப் புதிதன்று. வயலில் ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைக்கும்போது, எஞ்சினின் மேலுறை வழியே ஓடிய நீர் ஒரு சிறு குழாயில் வெதுவெதுப்பாக வந்து விழுவதைக் கண்டிருப்பீர்கள். வெப்பத்தைச் சுமப்பதில் நீர் வல்லது. ஒரு கன மீட்டர் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த 4,200 கிலோஜூல் வேண்டும்; அதே பருமனுள்ள காற்றுக்குச் சுமார் 1.2 கிலோஜூல் போதும். பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால் நீர் 3,500 மடங்கு சுமக்கிறது. வயல் எஞ்சினில் சூடான நீர் வெளியே போய்விடுகிறது. மோட்டார் சைக்கிளிலோ அதே திரவம் முன்புறமுள்ள ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்ப வருகிறது.

அப்படியானால் புதிய ஜாவா எஞ்சினின் வரிகள்? வெப்பத்தின் பெரும்பகுதியைத் திரவமே கொண்டுபோய்விடுவதால் அவற்றின் பங்கு சிறிது. பெரிய கோயிலின் கூடுபோல அவை முக்கியமாக நினைவு வடிவங்கள். ஆனால் சென்னையில் 1955 முதல் உருவாகிவரும் ராயல் என்ஃபீல்டு புல்லட்டைப் பாருங்கள். 2023-இல் வந்த புதிய புல்லட் 350-இன் எஞ்சினும் காற்றாலும் எண்ணெயாலும்தான் குளிர்விக்கப்படுகிறது. அங்கே வரிகள் இன்றும் உழைக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இயற்பியலுக்கு இரண்டும் வேறு.

இரட்டைச் சைலன்சர்

பழைய ஜாவாவில் ஒரே ஓர் உருளைதான். பின் ஏன் இரண்டு சைலன்சர்? அது இருவீச்சு எஞ்சின். அதில் புகை வெளியேற வால்வு கிடையாது. உருளைச் சுவரிலேயே துளை இருக்கும். மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் அதை மூடித் திறக்கும். துளை பெரிதானால் புகை எளிதில் போகும். ஆனால் மிக அகலமான துளையில் பிஸ்டன் வளையம் பிதுங்கிச் சிக்கிக்கொள்ளும். ஒரு பெரிய துளைக்குப் பதில் இரண்டு நடுத்தரத் துளைகள் இருந்தால் இந்த இடர் குறையும். இரண்டு துளை, இரண்டு குழாய், இரண்டு சைலன்சர். எஞ்சினுக்குள் இருந்த அமைப்பே வெளியே அழகாக நீண்டது.

புதிய ஜாவா நான்கு வீச்சு எஞ்சின். புகையை வால்வுகள் வெளியேற்றுகின்றன; ஒரு குழாயே போதும். ஆனால் இரட்டைச் சைலன்சர் இல்லாத ஜாவாவை ரசிகர்கள் ஜாவா என்று ஏற்பார்களா? எனவே 2018-இல் அது நினைவு வடிவமாக வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை-6 என்ற கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபோது நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது. இரண்டு புகை வால்வுகளின் வழிகளையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு குழாயில் சேர்த்தது. வீணைக் குடுக்கைபோலப் பழைய வடிவத்துக்குப் புதிய வேலை கிடைத்தது.

டேங்கும் சக்கரமும் முதல் வகை. டேங்க் இன்றும் பெட்ரோலைக் கொள்கிறது. ஓட்டுபவரின் முழங்கால்களுக்குப் பிடிமானம் தருகிறது. சக்கரக் கம்பிகள் இன்றும் இழுவிசையால்தான் பாரத்தைத் தாங்குகின்றன. ஆனால் கம்பிகளுக்காக விளிம்பில் துளைகள் இடுவதால் உள்ளே டியூப் தேவைப்படுகிறது. அழகுக்கு ஒரு விலை உண்டு. ஆணி குத்தும் நாளில் அது தெரியும்.

திரும்பி வராத ஓசை

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இருவீச்சு எஞ்சினில் அச்சு ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒருமுறை எரிதல் நிகழும். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதாவது விநாடிக்கு 50 சுற்று என்று கொள்வோம். பழைய எஞ்சின் விநாடிக்கு 50 முறை வெடிக்கும். புதியது 25 முறை. அடிப்படை அதிர்வெண் பாதியாகிவிட்டது. தஞ்சை மண்ணின் மொழியில் சொன்னால், சுருதி ஒரு முழு ஸ்தாயி இறங்கிவிட்டது!

தகட்டை வார்த்து ஒட்டலாம்; குழாயை இரண்டாக்கலாம். ஆனால் அதிர்வெண் எஞ்சினின் பிறவிக் குணம். சைலன்சர் அதன் மேற்சுரங்களைக் கூட்டலாம், குறைக்கலாம். எரிதலின் எண்ணிக்கையை மாற்ற முடியாது.

அப்படியானால் இருவீச்சு எஞ்சினையே மீண்டும் வைத்திருக்கலாமே? புதிய கலவை உள்ளே வந்து பழைய புகையைத் தள்ளும்போது, எரியாத பெட்ரோலில் ஒரு பகுதியும் புகையோடு தப்பிவிடும். பெட்ரோலோடு சேர்ந்த நெய்ப்பு எண்ணெயும் எரிந்து புகையாகும். ரசிகர்கள் விரும்பிய ஓசையும், நம் நுரையீரல் வெறுக்கும் புகையும் அந்த எளிய எஞ்சினில் ஒன்றாகவே பிறந்தவை. அதனால்தான் அந்த ஓசை திரும்பி வரவில்லை.

வடிவத்தைக் காத்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

ரசிகர்களின் எதிர்பார்ப்பு பொறியாளர்களுக்குத் தொல்லை மட்டும்தானா? இல்லை. பிரான்சில் 1960-களில் புகழ்பெற்ற அல்பைன் ஏ110 என்ற ஸ்போர்ட்ஸ் கார் 2017-இல் அதே பெயரில் மீண்டும் வந்தது. பழைய காரில் எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் இருந்தது. புதியதில் அச்சுக்கு முன்னால், நடுப்பகுதிக்கு வந்துவிட்டது. ஆயினும் முகத்தில் நான்கு விளக்குகளும், பின்னோக்கிச் சரியும் முதுகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

வேகமாக ஓடும் காரின் பின்புறம் காற்றால் மேலே தூக்கப்படாமல் இருக்கப் பல கார்களில் இறக்கை போன்ற தகடு வைப்பார்கள். அதை வைத்தால் அல்பைனின் முதுகு கெட்டுவிடும். எனவே பொறியாளர்கள் காரின் அடிப்பரப்பைத் தட்டையாக்கிப் பின்கோடியில் மேல்நோக்கிச் சரித்தார்கள். அடியில் செல்லும் காற்றின் வேகம் கூடி, அழுத்தம் குறைகிறது. கார் தரையை நோக்கி அமுங்குகிறது. நீங்கள் படித்த பெர்னூலி தத்துவம்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இயற்பியல் உழைத்தது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நினைவு பிழைத்தது.

நினைவு வடிவம் குற்றமன்று. பெரிய கோயிலின் கூட்டை யாரும் பொய் என்று சொல்வதில்லை. ஆனால் வேலை செய்யாத ஒன்றை வேலை செய்வதாக எண்ணிப் பணம் கொடுப்பது ஏமாற்றம். அதன் எடையை ஒவ்வொரு கிலோமீட்டரும் சுமப்பதும் வீண். எதிர்காலத்தில் வண்டிகளை வடிவமைக்கப்போகிறவர்களும் வாங்கப்போகிறவர்களும் நீங்கள்தாம். புகையும் பெட்ரோலும் இல்லாத மின் மோட்டார் சைக்கிளுக்கு டேங்க் வடிவம் எதற்கு என்று ஒருநாள் நீங்களே தீர்மானிக்க வேண்டிவரும். அப்போது அந்த மூன்று நிலைகளும் உதவும்.

செய்து பாருங்கள்

1. ஒரு டம்ளரிலும் அதன் டவராவிலும் சம அளவு வெந்நீர் ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலைமானியால் அளந்து வரைபடம் வரையுங்கள். எது விரைவில் ஆறுகிறது? இதில் ஆவியாதலின் பங்கு என்ன? இரண்டையும் ஒரே மாதிரித் தட்டால் மூடி மறுபடி செய்தால் அதற்கு விடை கிடைக்கும்.

2. மேலே போட்ட கணக்கில் தகடுகளைப் பத்திலிருந்து இருபதாக்கினால் பரப்பு எவ்வளவு? தகடுகள் மிக நெருங்கினால் இடையே காற்று எளிதில் ஓடுமா? அதிகத் தகடுகள் எப்போதும் நல்லவையா?

3. உங்கள் தெருவில் நிற்கும் மூன்று வண்டிகளைப் பார்த்துப் பட்டியல் எழுதுங்கள். எந்த உறுப்பு உழைக்கிறது? எது வேலை மாறியது? எது நினைவாக மட்டும் நிற்கிறது? நிறுத்தி வெகுநேரம் ஆகாத வண்டியின் எஞ்சினைத் தொட்டுப் பார்க்காதீர்கள். கண்ணால் பார்த்தால் போதும்!