பழைய மேய்ச்சற் காட்டைத் திருத்திப் புல் விதைத்தல்

காங்கேயம் பிரதேசத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் அருகிக் கோரை மலிந்துவிட்டால், மேலாக விதை தூவுவதிற் பிரயோஜனமில்லை. பழைய வேர் முதலில் ஒழிய வேண்டும். கோடை மழையின் ஈரத்தில் ஆழ உழுது, கட்டிகளை உடைக்காமல் வெயிலிற் காயவிடல் வேண்டும். புரண்ட கோரைக் கிழங்குகளைப் பொறுக்கி எரித்துவிடுவது நலம். வரப்பிற் குவித்தால் அடுத்த மழைக்கே காட்டுக்குள் திரும்பிவிடும்.

புரட்டாசி மழையில் விதைக்கலாம். புதுவிதை சரிவர முளையாது. ஆறு மாதமேனும் வைத்திருந்ததே உகந்தது. விதை பஞ்சுபோல் இலேசானதாகையால் ஈரமணலோடு கலந்து தூவி, அரை அங்குலத்துக்கு மேற்படாமல் மூடவேண்டும். முதல் வருஷம் புல் விதை உதிர்க்கும்வரை ஆடுமாடுகளை விடலாகாது. இளந்தூர் வேரோடு பெயர்ந்துவிடும். தீனிக்கு வேறு வழியற்ற குடியானவருக்கு இது கஷ்டமே. அவர் வருஷத்திற்கு மூன்றிலொரு பங்கு நிலத்தை மட்டும் திருத்துதல் உசிதம்.