மாத்திரையும் மூளையும்

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் பெரிய மர டிரம்கள் ஓயாது சுழல்கின்றன. அவ்விரைச்சலுக்கிடையே, எந்திரத்தருகே நிற்கும் இளைஞரை நோக்கி மூத்த தொழிலாளர் ஒருவர் ‘தொடாதே’ எனக் குரல் கொடுப்பதாகக் கொள்வோம். ‘தொடு’, ‘தொடாதே’ ஆகிய இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. அடுத்த எழுத்து உகரமாகக் குறுகினால் ஏவல். ஆகாரமாக நீண்டால் விலக்கு. இளைஞரின் கை முன்னே நீளுமா, பின்வாங்குமா என்பதை ஒரு விநாடிக்கும் குறைந்த பொழுதில் மூளை முடிவு செய்தாக வேண்டும்.

ஒலியின் கால அளவே பொருளை வேறுபடுத்தும் என்பதைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டது. கண்ணிமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவாக வைத்தார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ‘தொடு’ இரண்டு மாத்திரை; ‘தோடு’ என்பதன் ஈறு குற்றியலுகரம் ஆதலின் இரண்டரை மாத்திரை. இதனைக் கடிகார அளவாகக் கொள்வது பொருந்தாது. விரைந்து பேசுவோரின் நெடில், மெல்லப் பேசுவோரின் குறிலைவிடக் குறுகியிருத்தலும் கூடும். எனவே மூளை தனி ஒலியின் நீளத்தை மட்டும் அளப்பதில்லை. பேசுபவரின் வேகத்தை உணர்ந்து, அண்டை ஒலிகளோடு ஒப்பிட்டே குறிலென்றும் நெடிலென்றும் பிரிக்கிறது. மாத்திரை என்பதும் ஒரு விகிதமே அன்றோ!

இயல்பான பேச்சில் விநாடிக்கு ஏறத்தாழ நான்கு முதல் எட்டு அசைகள் ஒலிக்கின்றன. மூளையின் செவிப்புலப் பகுதியில் எழும் மின்னலைகளுள் ஒருவகையும் ஏறத்தாழ அதே வேகத்தில் ஏறி இறங்குகிறது. பேச்சைக் கேட்கும்போது அவ்வலைகள் பேச்சின் தாளத்தோடு இணைந்து, இடையறாது வரும் ஒலியை அசை அசையாகப் பகுக்க உதவுகின்றன என்பது இன்றைய நரம்பியலாரின் கருத்து.

பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861-இலும், ஜெர்மானியர் கார்ல் வெர்னிக்கே 1874-இலும் மொழிக்குரிய மூளைப்பகுதிகளைச் சுட்டினர். பெரும்பாலோர்க்கு இவை இடப்பக்கத்தில் உள்ளன. புரோக்கா பகுதி சிதைந்தவர் சொல்லத் தடுமாறுவார். வெர்னிக்கே பகுதி சிதைந்தவரோ தங்குதடையின்றிப் பேசுவார், ஆயினும் அப்பேச்சில் பொருள் இராது. பிறர் கூறுவதும் அவருக்கு விளங்காது.

தோல் தொழில் செழித்த இவ்வட்டாரத்தின் வேலூரில்தான் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறை தோன்றியது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் அதனைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். நோயாளி விழித்திருக்கையிலேயே மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, எவ்விடத்தைத் தூண்டினால் பேச்சு தடைப்படுகிறது எனப் பென்ஃபீல்டு கண்டறிந்தார். மூளைத் திசுவுக்கு வலியுணர்வு இல்லாமையால் இது இயன்றது. அறுவையின்போது மொழியைக் காக்கும் வழி இதனால் பிறந்தது.

ஆலைக்குத் திரும்புவோம். 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நெடுங்காலம் பணிபுரிவோர்க்கு உட்செவியின் மயிரிழைச் செல்கள் அழிகின்றன. அவை மீண்டும் வளர்வதில்லை. முதலில் மங்குபவை உயர் அதிர்வெண் ஒலிகள். அதனால் உயிரொலி கேட்கும். சகரம் போன்ற மெய்யொலிகள் நழுவும். குறைந்ததை மூளை உதட்டசைவாலும் சூழலாலும் ஊகித்து நிரப்புகிறது. ஆனால், தமிழில் வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் வருவது. ‘வை’ என்பதா, ‘வைக்காதே’ என்பதா என்பது அங்கேதான் தெரியவரும். பேசுவோரின் குரல் தாழ்ந்து முடியும் இடமும் அதுவே. செவிக்காப்பு அணிந்த தொழிலாளர்க்குக் கையசைவால் எச்சரிக்கை தரும் வழக்கம் ஆலைகளில் ஏன் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.