காந்தப்புலத்தில் குறைகடத்தியின் தடையை அளத்தல்

காந்தப்புலத்தில் வைத்த உலோகத்தின் மின்தடை மாறும் என்பதை 1856-ஆம் ஆண்டில் வில்லியம் தாம்ஸன் இரும்பிற் கண்டறிந்தார். ஜெர்மானியம் முதலிய குறைகடத்திகளிலும் இம்மாற்றம் உண்டு. சாதாரணப் புலங்களில் அது சிறிதாகையால், பிழைகளே அதன் வேடம் பூண்டு நம்மை ஏய்த்தல் கூடும்.

தொடுமுனைகளின் தடை கணக்கிற் சேராதிருக்க, மின்னோட்டத்தை இரு கம்பிகளாற் செலுத்தி, அழுத்தத்தை வேறிரு கம்பிகளால் அளத்தல் வேண்டும். உஷ்ணம் சிறிது ஏறினும் தடை மாறுமாதலின், அதனை நிலையாய் நிறுத்துதல் அவசியம்.

அழுத்தமுனைகள் மின்னோட்டத் திசைக்கு இணையான கோட்டில் அமையாவிடின், 1879-இல் ஹால் கண்ட குறுக்கழுத்தமும் கலக்கும்; முனைகளின் உஷ்ணம் வேறுபடின் வெப்பமின்னழுத்தமும் சேரும். இவற்றை நீக்கும் வழி யாதெனின், மின்னோட்டத்தையும் புலத்தையும் தனித்தனியே திருப்பி நான்கு முறை அளத்தலேயாம். புலம் திரும்பின் ஹால் அழுத்தம் குறி மாறும், தடை மாறாது. மின்னோட்டம் திரும்பின் தடையழுத்தம் குறி மாறும், வெப்பமின்னழுத்தம் மாறாது.

உதாரணமாக, 1 மில்லி ஆம்பியர் செலுத்த, 104, 98, −102, −96 மில்லிவோல்ட் கிடைத்தனவென்க. குறியை நீக்கிச் சராசரி காணின் 100. ஆகவே தடை 100 ஓம். புலமின்றித் தடை 99 ஓம் எனின், உண்மையான உயர்வு 1 ஓமே. முதலளவை மட்டும் நம்பினோர்க்கு அது 5 ஓமாய்த் தோன்றும்.

ஒரே நிலையிற் பன்முறை அளத்தல் தற்செயற் பிழையையே குறைக்கும். ஒருபுறம் சாய்ந்த பிழையைத் தீண்டாது. மாணவர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வாராக.