ஒரு முறையில் எத்தனை வேலை?

சனிக்கிழமை மாலை, பெங்களூர் கோரமங்களாவில் ஒரு போர்டு கேம் கஃபே. மேசையைச் சுற்றி ஐந்து பேர், நடுவில் வரைபடம், கையில் பகடை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம். புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு முறை வருகிறது. மூச்சுவிடாமல் சொல்கிறான்: "ஓடிப்போய் ரெண்டு கத்தியாலயும் குத்தறேன். உடனே ஒளிஞ்சுக்கறேன். அடிபட்டவனுக்கு மருந்து ஊட்டறேன்."

ஆட்டத்தை நடத்தும் அக்கா பொறுமையாக விரல்விட்டு எண்ணுகிறார். "ரெண்டு ஆக்‌ஷன், ரெண்டு போனஸ் ஆக்‌ஷன் கேக்கற தம்பி. உன் கையில வகைக்கு ஒண்ணுதான் இருக்கு. எது வேணும்?"

அந்த ஒரு கேள்வியை அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. காலை ஸ்டாண்ட்-அப், பத்து மணிக்கு இன்டர்வியூ பேனல், நடுவில் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது, மாலையில் ரிலீஸ். பெங்களூரில், அதுவும் சின்ன நிறுவனங்களில், ஒருவரே நான்கு பேராக இருக்க வேண்டியிருக்கிறது. பல திறன் இருப்பது நல்லதுதான். ஆனால் அவற்றை ஒரே முறையில் சேர்த்துப் பயன்படுத்துவது தனிக் கலை. அந்தக் கலைக்கு ஐம்பது வருடமாக விதி எழுதி, திருத்தி, மெருகேற்றி வந்திருக்கிறது இந்த விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974-ல் வெளியானது. ஒருவரே இரண்டு தொழில் பழகும் 'மல்ட்டிகிளாஸ்' 1978-ன் விதிப்புத்தகத்திலேயே உண்டு. இன்று பரவலாக ஆடப்படுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பும் அதன் 2024 திருத்தமும். இங்கே சொல்பவை 2014 விதிகள். 2024-ல் சில விதிகள் மாறியிருக்கின்றன.

1. முதலில் கையிருப்பை எண்ணுங்கள்

ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது கதைக்குள் சுமார் 6 விநாடி. அதில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது: ஒரு ஆக்‌ஷன், நகர்வதற்குக் குறிப்பிட்ட தூரம், ஏதாவது திறன் அனுமதித்தால் ஒரு போனஸ் ஆக்‌ஷன், அடுத்த முறை வருவதற்குள் ஒரு ரியாக்‌ஷன். எவ்வளவு பெரிய வீரனுக்கும் தொடக்கக் கையிருப்பு இதுதான்.

அலுவலக நாளுக்கும் இதே நான்கு உண்டு. ஆக்‌ஷன் என்பது முழு மூளையும் கேட்கும் ஒரு பெரிய வேலை. போனஸ் ஆக்‌ஷன் என்பது பழகிப்போனதால் சட்டென்று முடியும் சின்ன வேலை. நகர்வு என்பது கூட்டத்திலிருந்து கூட்டத்துக்கு, ஒயிட்ஃபீல்டிலிருந்து சில்க் போர்டுக்கு ஆகும் நேரம். ரியாக்‌ஷன் என்பது எதிர்பாராமல் வருவதற்காக ஒதுக்கி வைப்பது. காலையில் பட்டியல் போடும்போது ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் இது எந்த வகை என்று எழுதுங்கள். இரண்டு ஆக்‌ஷன் ஒரே வேளையில் விழுந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

2. ஒரே விலை கேட்பவை சேராது

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ரோக் என்னும் திருட்டு வித்தைக்காரனுக்கு 2-ஆம் லெவலில் (அனுபவத்தோடு ஏறும் படி) 'கன்னிங் ஆக்‌ஷன்' வரும்: போனஸ் ஆக்‌ஷனில் ஒளியலாம், வேகமாக ஓடலாம், எதிரியிடம் அடிபடாமல் விலகலாம். இரண்டாவது கத்தியால் குத்துவதற்கும் போனஸ் ஆக்‌ஷன்தான் வேண்டும். இரண்டும் அருமையான திறன். ஒரே முறையில் ஒன்றுதான் நடக்கும். நம் தம்பி மாட்டிக்கொண்டது இங்கேதான்.

அதனால் அனுபவசாலி புதுத் திறனைத் தேடும்போது அது எவ்வளவு பலம் என்று பிறகுதான் பார்ப்பான். தன்னிடம் சும்மா கிடக்கும் விலையில் அது கிடைக்குமா என்று முதலில் பார்ப்பான். ஃபைட்டர் என்னும் போர்வீரன் முறைக்கு முறை ஆக்‌ஷனில் அடிக்கிறான், போனஸ் ஆக்‌ஷன் பெரும்பாலும் வீணாகிறது. அவனுக்கு ரோக்கின் கன்னிங் ஆக்‌ஷன் பொன் மாதிரி.

அடுத்து எதைப் படிக்கலாம் என்று யோசிக்கும் எவருக்கும் இதுவே அளவுகோல். நாள் முழுக்கக் கோட் எழுதுபவர் இன்னொரு நிரல் மொழி கற்றால், இரண்டும் ஒரே நேரத்துக்குப் போட்டியிடும். அவரே தெளிவாக எழுதவோ, வாடிக்கையாளரிடம் பேசவோ கற்றால், அது கோட் எழுதாத நேரத்தில் வேலை செய்யும்.

விலை மாறவும் செய்யும். பாலடின் என்னும் புனித வீரன் அடித்தவுடன் கூடுதல் சேதம் சேர்க்கும் 'டிவைன் ஸ்மைட்' 2014-ல் தனி ஆக்‌ஷன் எதுவும் கேட்கவில்லை. 2024-ல் போனஸ் ஆக்‌ஷன் கேட்கிறது. பழைய சேர்க்கைகள் பல அதோடு போயின. புது மேலாளர், புதுக் கருவி, புது நிறுவனம் என்று எது வந்தாலும் பழைய கணக்கை நம்பாமல் மறுபடி எண்ணுங்கள்.

3. ஒரே பலனை இரண்டு முறை வாங்காதீர்கள்

ஃபைட்டருக்கு 5-ஆம் லெவலில் 'எக்ஸ்ட்ரா அட்டாக்': ஒரு ஆக்‌ஷனில் இரண்டு அடி. பாலடினுக்கும் 5-ல் அதுவே. இரண்டிலும் ஐந்து ஐந்து லெவல் ஏறினால் மூன்று அடி கிடைக்குமா? கிடைக்காது. இரண்டு தொழிலில் கிடைத்தாலும் அந்தத் திறன் ஒன்றோடொன்று சேராது என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரே பாடத்துக்கு மூன்று சான்றிதழ் வாங்கியவரின் நிலையும் இதுதான். அப்ரைசலில் அவை ஒன்றாகத்தான் எண்ணப்படும்.

4. ஐந்து வரை ஒரே பாதை

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்' என்பார்கள். விதிப்புத்தகத்திலும் இந்தப் பழமொழி எண்களாக இருக்கிறது. மொத்தம் 5 லெவல் உள்ளவர் அதை 3, 2 என்று பிரித்தால், ஃபைட்டரின் எக்ஸ்ட்ரா அட்டாக்கும் கிடைக்காது. விஸார்டு என்னும் மந்திரவாதிக்கு 5-ல் வரும் ஃபயர்பால் மந்திரமும் கிடைக்காது. கூட்டாளிகள் சட்டென்று பலம் பெறும் வேளையில் இவர் மட்டும் பின்தங்குவார். உச்சவரம்பு 20 லெவல். கிளை பிரியும் ஒவ்வொரு லெவலும் அதிலிருந்துதான் கழியும்.

நுழைவுக்கும் தடை உண்டு. பழைய தொழில், புதுத் தொழில் இரண்டுக்கும் உரிய அடிப்படைப் பண்பு குறைந்தது 13 இருக்க வேண்டும். ஃபைட்டருக்கு வலிமை அல்லது சுறுசுறுப்பு 13; ரோக்குக்குச் சுறுசுறுப்பு 13. சுறுசுறுப்பு உள்ளவருக்கு இரண்டு கதவும் ஒரே சாவியில் திறக்கும். அடிவேர் ஒன்றாக உள்ள இரண்டு தொழில்களைத் தேர்வது புத்திசாலித்தனம். சோதனையாளர் தரவுப் பகுப்பாய்வுக்குப் போவதும், ஆசிரியர் பயிற்சித் துறைக்குப் போவதும் அப்படித்தான்.

துறை மாறத் தயங்குபவருக்கு ஒரு ஆறுதலும் இங்கே உண்டு. 'ப்ரொஃபிஷியன்சி போனஸ்' என்ற பொதுத் தேர்ச்சி எண், ஒரு தொழிலின் லெவலைப் பார்ப்பதில்லை, மொத்த லெவலைப் பார்க்கிறது. புது வேலையில் நீங்கள் முதல் படியில் நின்றாலும், கெடு தவறாமல் முடிக்கவும், கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளிக்கவும் கற்றது கூடவே வரும்.

எப்போது கிளை பிரியலாம்? ஏதாவது ஒரு விஷயத்துக்கு மற்றவர்கள் தாமாக உங்கள் மேசையைத் தேடி வரத் தொடங்கினால், நீங்கள் 5-ஐத் தொட்டுவிட்டீர்கள்.

5. உச்ச முறை அரிதாகத்தான் வரும்

எல்லாம் பொருந்தினால் ஒரு முறை எப்படி இருக்கும்? ஃபைட்டர் 5, ரோக் 2 உள்ளவர் எதிரியை நெருங்குகிறார். ஆக்‌ஷனில் இரண்டு அடி. ஃபைட்டர் 2-ல் பெற்ற 'ஆக்‌ஷன் சர்ஜ்' மூலம் இன்னொரு ஆக்‌ஷன், இன்னும் இரண்டு அடி. வாகான நிலையில் பட்ட ஓர் அடியோடு ரோக்கின் 'ஸ்னீக் அட்டாக்' சேரும். அது ஒரு முறைக்கு ஒரு தடவைதான். பிறகு போனஸ் ஆக்‌ஷனில் விலகல். மிச்சமுள்ள தூரத்தில் பாதுகாப்பான இடத்துக்குத் திரும்பல். நான்கு அடி, விலகும்போது பதிலடிக்கு வழியில்லை.

ஆக்‌ஷன் சர்ஜ் ஒருமுறை போனால், ஒரு மணி நேரமாவது ஓய்வெடுத்தால்தான் திரும்பும் என்பதையும் விதியே எழுதி வைத்திருக்கிறது. ரிலீஸ் இரவில் இரட்டிப்பாக உழைக்க முடிவது உண்மை. மறுநாளும் அதையே எதிர்பார்க்கும் அணி, விதியின் ஒரு பாதியை மட்டும் படித்திருக்கிறது. அணித் தலைவராக இருப்பவர்கள், உச்ச முறைக்குப் பின் வரும் ஓய்வையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

6. கவனம் ஒன்றே ஒன்று

சில மந்திரங்கள் 'கான்சன்ட்ரேஷன்' கேட்கும். அப்படி ஒன்று நடக்கும்போது அதே வகையில் இன்னொன்றைத் தொடங்கினால் முதலாவது கலைந்துவிடும். அடிபட்டாலும் கலையலாம்: பகடை உருட்டி, 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, இதில் எது பெரிதோ அதை எட்டினால்தான் தப்பும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்பதில் எந்த லெவலுக்கும் எந்தத் தொழிலுக்கும் விலக்கு இல்லை.

அப்படியானால் ஒரே அவையில் பலர் கேட்பதற்கெல்லாம் ஈடுகொடுக்கும் அவதானிகள் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது நூறு விதக் கவனம், செய்து காட்டினார். நம் பெங்களூரிலேயே சதாவதானி ஆர். கணேஷ் இருக்கிறார். இயந்திரப் பொறியியல் படித்து, பிறகு கன்னட அவதானக் கலையை ஆய்வு செய்து ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகத்தில் டி.லிட். பட்டம் பெற்றவர்.

அவர் செய்யும் அஷ்டாவதானத்தைக் கூர்ந்து பாருங்கள். எட்டுப் பேர் எட்டு விதமாகக் கேட்கிறார்கள். ஒருவர் கடைசி அடியைக் கொடுத்துச் செய்யுள் கேட்பார். ஒருவர் எழுத்துக்கு எழுத்து தடை போடுவார். ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசி இடைமறித்துக்கொண்டே இருப்பார். அவதானி எட்டையும் ஒரே கணத்தில் செய்வதில்லை. ஒருவரிடம் ஓர் அடி, அடுத்தவரிடம் ஓர் அடி. சுற்று வந்து, மீண்டும் முதல்வரிடம் இரண்டாம் அடி. நான்கு சுற்றில் செய்யுள்கள் நிறையும். முடிவில் அனைத்தையும் நினைவிலிருந்து சொல்வார். எந்தக் கணத்திலும் கவனம் ஒருவரிடம்தான். விட்ட இடத்தைத் துல்லியமாக நினைவில் வைப்பதுதான் வித்தை.

நமக்கு அந்த நினைவாற்றல் இல்லாவிட்டாலும் முறையைக் கடன் வாங்கலாம். ஒரு வேலையிலிருந்து எழும் முன், அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு படியை ஒரு வரியில் எழுதிவிட்டு எழுந்திருங்கள். திரும்பி வரும்போது அந்த வரி உங்களை விட்ட இடத்திலேயே உட்கார வைக்கும்.

7. ரியாக்‌ஷனைச் செலவழிக்காமல் வையுங்கள்

ரியாக்‌ஷன் நடப்பது பெரும்பாலும் அடுத்தவர் முறையில். எதிரி விலகி ஓடும்போது ஓர் அடி, நண்பனைக் காக்க ஒரு தடுப்பு. ஸ்னீக் அட்டாக் 'ஒரு முறைக்கு' ஒரு தடவை என்பதால், வேறொருவர் முறையில் ரியாக்‌ஷனாக அடிக்கும்போது நிபந்தனை பொருந்தினால் மறுபடியும் சேரும். காத்திருந்தவருக்கு இரட்டிப்புப் பலன்.

அலுவலகத்திலும் ஓர் அரை மணி நேரத்தைக் காலியாக விடுங்கள். அதிக மதிப்புள்ள உதவி பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கும். ஆனால் அதுவும் ஒன்றுதான். இரண்டாவது அழைப்புக்கு "மூணு மணிக்கு வரேன்" என்று சொல்லப் பழகுங்கள்.

8. முறை வருமுன் முடிவெடுங்கள்

நல்ல ஆட்டக்காரர், மற்றவர் முறையில் கைபேசி பார்ப்பதில்லை. வரைபடத்தைப் பார்க்கிறார், தன் முறை வரும்போது விடை தயார். கூட்டத்துக்குப் போகுமுன் இரண்டே கேள்விகள் போதும்: அங்கே நான் செய்ய வேண்டிய ஒரே பெரிய காரியம் எது? அதோடு செலவில்லாமல் சேரக்கூடிய சின்னக் காரியம் எது?

மீண்டும் மேசைக்கு

இரண்டு மணி நேரம் கழிந்தது. மேசையில் இப்போது ஓர் ஓகர் அரக்கன். பாலடினின் அடி இரண்டு முறை தவறிவிட்டது. தம்பியின் முறை. இந்தத் தடவை அவன் விரல்விட்டு எண்ணினான்.

"கிட்ட போறேன். ஆக்‌ஷன்ல பாலடினுக்கு ஹெல்ப். போனஸ் ஆக்‌ஷன்ல விலகறேன். மிச்ச தூரத்துல தூணுக்குப் பின்னால போயிடறேன். ரியாக்‌ஷன் கையிலயே இருக்கட்டும்."

வகைக்கு ஒன்று. எதுவும் வீணில்லை, எதுவும் மிகையில்லை. 'ஹெல்ப்' கிடைத்ததால் பாலடின் ஒரு பகடைக்குப் பதில் இரண்டு உருட்டிப் பெரியதை எடுத்துக்கொண்டார். முதல் பகடை 4. இரண்டாவது 17. அடி விழுந்தது, ஸ்மைட் சேர்ந்தது, ஓகர் சாய்ந்தது.

அந்த முறையில் தம்பி யாரையும் ஒரு கத்திக்குத்துகூடக் குத்தவில்லை. "ரொம்ப நல்ல முறை தம்பி" என்றார் அக்கா. தனக்குள் நான்கு பேரைச் சேர்க்கப் பார்த்தவன், பக்கத்தில் இருப்பவரின் திறனோடு தன் திறனைச் சேர்த்துவிட்டான். அந்தச் சேர்க்கைக்கு எந்த விதிப்புத்தகத்திலும் உச்சவரம்பு இல்லை. திங்கட்கிழமை பட்டியல் போடும்போது கடைசியாக ஒரு வரி சேருங்கள்: இன்று யாருடைய பகடையை நான் இரண்டாக்கப் போகிறேன்?