தனியே கடல் செல்வார்க்குப் பழம்படகு

பொருள் குறைந்தவரொருவர் பழம்படகு வாங்கித் தனித்துப் பெருங்கடல் செல்ல விரும்பின் எதனை நோக்குதல் வேண்டும்? 1895 முதல் 1898 வரை உலகைத் தனியே முதன்முதற் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோக்கத்தின் 'ஸ்பிரே'யைக் கொண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவில் ஃபேர்ஹேவன் என்னும் ஊரின் வயலொன்றில் முட்டுக்கொடுத்துக் கிடந்த அப்படகு அவர்க்கு விலையின்றியே கிடைத்தது. ஆயினும் அடிமரமும் விலாமரங்களும் புதிதாக இட்டுச் செப்பனிட 13 மாத உழைப்பும் 553 டாலருக்கு மேற்பட்ட பணமும் செலவாயின. ஆதலின் விலை பேசுமுன் கத்திமுனையால் மரத்தைக் குத்திப் பார்த்தலே முறை. கண்ணாடியிழைப் படகாயின் சுத்தியலால் மெல்லத் தட்டி ஓசை கேட்டல் வேண்டும். உளுத்த படகு இனாமாயினும் மலிவன்று.

அடுத்து, தனியாள் உறங்குங்கால் படகு தன் வழியே செல்லுமோ என்பது. சுக்கானைக் கட்டிவிட்டால் 'ஸ்பிரே' நேரே ஓடும். தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவுவரை 2,700 மைலை 23 நாளிற் கடந்தபோது, அவர் சுக்கான் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரத்திற்கு மேலில்லையாம்!

இதுகண்டு அப்படகையே அளவெடுத்துப் புதிது கட்டினாரும் உளர். நாம் உடன்படோம். அதன் அடிப்பாரம் முழுதும் உள்ளேயே இருந்தது. அகன்று ஆழங்குறைந்த அவ்வுடல் கவிழின் நிமிர்தல் அரிது. தனியாளுக்கு, அடியிற் புறத்தே ஈயமோ இரும்போ தாங்கிய, 30 அடிக்குட்பட்ட படகே நன்று. அதன் பாயும் நங்கூரமும் ஒருவர் கைக்கு அடங்கும். ஸ்லோக்கமும் பின்னொருநாள் அதே 'ஸ்பிரே'யிற் புறப்பட்டுத் திரும்பாதொழிந்தார்.