பழைய கோயிலுக்கு மத்திய அரசின் பாதுகாப்பு கேட்பது எப்படி?

கூத்தாநல்லூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய கோயில் ஒன்றில் திருப்பணி தொடங்கப்போகிறது என்றால், முதலில் கருவறைச் சுவரின் அடிப்பகுதியைப் போய்ப் பாருங்கள். குமுதப்படையின் வளைந்த கல்லில் வரிவரியாகக் கல்வெட்டு ஓடியிருக்கலாம். புதுத் தளம் போட்டுத் தரையை உயர்த்தினால் கீழ்வரிகள் புதைந்துபோகும். மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்தால் எழுத்தே மழுங்கிவிடும். அப்படிப் போன எழுத்து போனதுதான்.

இதைத் தடுக்க 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் இருக்கிறது. நூறு வயதுக்குக் குறையாத ஒரு சின்னத்தை ‘தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது’ என்று மத்திய அரசு அறிவிக்க இச்சட்டம் வழி செய்கிறது. அறிவித்த பிறகு அதைக் காப்பது, அரசியலமைப்பின் 49ஆம் பிரிவுப்படி அரசின் கடமை. சேதப்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

கோயில் இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரிப்பதுதான் முதல் வேலை. அறநிலையத் துறைக் கோயில் என்பதாலேயே அது பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடாது. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். மத்தியத் தொல்லியல் துறை, மாநிலத் தொல்லியல் துறை இரண்டின் பட்டியலையும் பாருங்கள்.

அடுத்தது ஆவணங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் புலப்பட நகலும் அ-பதிவேட்டு விவரமும் வாங்குங்கள். எல்லை தெளிவாக இல்லாவிட்டால் பின்னால் எல்லாமே வழக்காகும். இந்தியா முழுவதும் 92 சின்னங்களைத் தேடியும் காணவில்லை என்று 2013இல் தணிக்கைத் துறை சொன்னதை மறக்க வேண்டாம். அறிவிப்பு மட்டும் எதையும் காப்பாற்றாது. கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் நான்கு பக்கமும் படமெடுங்கள். மத்திய அரசின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் உங்கள் ஊர்க் கல்வெட்டு பதிவாகியிருந்தால் அந்த எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். வெறும் “மிகப் பழமையான கோயில்” என்ற வரியைவிட அந்த ஓர் எண்ணுக்கு எடை அதிகம்.

இவற்றோடு, தஞ்சைப் பெரிய கோயிலைப் பராமரிக்கும் மத்தியத் தொல்லியல் துறையின் திருச்சி வட்டக் கண்காணிப்புத் தொல்லியலாளருக்கு மனு எழுதுங்கள். நகல் மாவட்ட ஆட்சியருக்கும் போகட்டும். இந்தச் சின்னம் நாட்டுக்கே ஏன் முக்கியம் என்பதை ஒரே பக்கத்தில் சொல்லுங்கள். மலாயா, சிங்கப்பூர் வணிகத்தில் சம்பாதித்து நம்மூரில் கட்டிய வீடுகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். ஆனால் அவற்றுக்கு இந்தக் கதவு திறப்பது கடினம். மாநிலத்தின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும், 2012இல் பாரம்பரிய ஆணையத்துக்காக இயற்றிய சட்டமும்தான் அங்கே பொருத்தமான வழி.

மனுவை ஏற்றால், அறிவிக்கப்போவதாக மத்திய அரசு அரசிதழில் வெளியிடும். அதன் நகலைச் சின்னத்துக்கு அருகிலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். அன்றிலிருந்து இரண்டு மாதம் ஆட்சேபம் சொல்லலாம். என்னைக் கேட்டால், ஊர் ஒன்றுகூட வேண்டிய நேரம் இதுதான். அந்தத் தாளை யாரும் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்சேபம் இரண்டு பயத்தில் வரும். பூஜை நின்றுவிடும் என்பது முதலாவது. தஞ்சைப் பெரிய கோயிலும் தாராசுரம் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில்தான் இருக்கின்றன. இரண்டிலும் வழிபாடு நடக்கிறது. இதைச் சொன்னாலே பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள்.

இரண்டாவது பயத்தில் நியாயம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுத் திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து குறைந்தது 100 மீட்டர் தடைப் பகுதி. அங்கே புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்டலாம். சன்னதித் தெருவில் மகளுக்கு மாடி எடுக்க நினைத்தவருக்கு இது பெரிய இழப்பு. அதை மறைத்துக் கையெழுத்து வாங்காதீர்கள். மனு போடும் முன்பே வீடுவீடாகப் போய்ப் புலப்படத்தைக் காட்டி, யார் வீடு எந்த அளவுக்குள் வருகிறது என்று விளக்குங்கள். இருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக்குத் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அந்த விண்ணப்பம் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்குப் போய் வரும். அப்போது வீடு முன்பே இருந்ததைக் காட்ட வேண்டிவரும். எனவே கிரயப் பத்திரத்தையும் பழைய வீட்டு வரி ரசீதுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.