எலிவேஷன் சூப்பர்… உள்ளே இருக்க முடியுமா?

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் இறங்கி ஜிஎஸ்டி ரோடு பக்கம் நடந்தால், புது வீட்டு விளம்பர நோட்டீஸ் ஒன்றாவது கையில் திணிக்கப்படும். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் அப்பா கேட்பார்: "நீ இன்ஜினியரிங் தானே படிக்கிற? இந்த வீடு எப்படின்னு பார்த்துச் சொல்லு." சிஎஸ்ஸி, இசிஇ என்று சொல்லியெல்லாம் தப்பிக்க முடியாது. 20 வருஷம் இஎம்ஐ கட்டப்போகிற வீடு. எலிவேஷன் பிரமாதமாக இருக்கிறது. அதைத் தாண்டி எதைப் பார்ப்பது?

இதற்குப் புகழ்பெற்ற மூன்று கட்டிடங்களையே பாடமாக எடுத்துக்கொள்வோம். இரண்டு வெளிநாட்டில் இருக்கின்றன. மூன்றாவது நம்ம பாண்டிச்சேரியில்.

மழை: வில்லா சவோய்

சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கொர்பூசியேதான் இதற்கும் ஆர்க்கிடெக்ட். பாரிஸ் அருகே புவாசி என்ற ஊரில், 1931-ல் கட்டி முடித்தார். மெல்லிய தூண்களின் மேல் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டி, மேலே தட்டைக் கூரை. ஆர்க்கிடெக்சர் புத்தகங்களில் தவறாமல் வரும் படம். ஆனால் மழை பெய்தால் வீடு ஒழுகியது. வீட்டுக்காரம்மா ஆர்க்கிடெக்டுக்குப் புகார்க் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். 1940-ல் போர்ச் சூழலில் குடும்பம் வீட்டை விட்டு வெளியேறியது.

அப்படியென்றால் தட்டைக் கூரையே தப்பா? இல்லை. நம்ம ஊரில் எல்லாமே மொட்டை மாடிதான். ஆனால் இங்கே ஸ்லாபுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு பதித்து, குழாய் இருக்கும் பக்கம் 'வாட்டம்' கொடுப்பார்கள். அந்த வாட்டம் எந்த போட்டோவிலும் தெரியாது. ஐப்பசியில் மழை பிடிக்கும்போதுதான் தெரியும்.

வெயிலும் வெள்ளமும்: ஃபார்ன்ஸ்வொர்த் வீடு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒரு ஆற்றங்கரையில் இருக்கிறது. மீஸ் வான் டெர் ரோஹே என்ற ஆர்க்கிடெக்ட், எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற டாக்டருக்காகக் கட்டி 1951-ல் முடித்தார். நாலு பக்கமும் கண்ணாடி. பார்க்க அவ்வளவு அழகு. கோடையில் உள்ளே வெக்கை. திறக்கக்கூடியது கதவும், ஒரு ஓரத்தில் இரண்டு சின்ன ஜன்னலும் மட்டும். ராத்திரி லைட் போட்டால் பூச்சிகள் மொய்க்கும். செலவு ஏறி, சண்டை கோர்ட் வரை போனது. தரையிலிருந்து சுமார் 5 அடி உயர்த்திக் கட்டியிருந்தும், 1954-லும் 1996-லும் ஆற்று வெள்ளம் உள்ளே புகுந்தது.

2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் எந்த மட்டம் வரை வரும் என்று தெரியாமல் தளமட்டத்தை முடிவுசெய்ய முடியாது.

மூன்றும் சேர்ந்தது: கோல்கொண்டே

பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்காரர்கள் தங்கும் விடுதி இது. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமா கட்டுமான இடத்திலேயே தங்கி வேலை பார்த்தார். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி 1940-களில் முடிந்தது. இந்தியாவின் ஆரம்பகால நவீன காங்கிரீட் கட்டிடங்களில் ஒன்று.

இங்கே நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. அந்தப் பக்கங்களில் கண்ணாடி ஜன்னலுக்குப் பதில், வேண்டியபடி திருப்பிக்கொள்ளும் அகலமான பட்டைகள். வெயிலைத் தடுக்கும், காற்றை விடும். அறைக்கும் நடைக்கும் நடுவே காற்று புகும் தேக்குச் சட்டக் கதவுகள். கூரை ஸ்லாபுக்கு மேல் இடைவெளி விட்டு, வளைந்த காங்கிரீட் ஓடுகள். ஓடு சூடாகும், நடுவில் இருக்கும் காற்று சூட்டைக் கொண்டுபோகும், ஸ்லாபுக்கு அதிகம் இறங்காது.

இந்தப் பட்டைகளும் வளைவு ஓடுகளும்தான் அதன் எலிவேஷன். அழகுக்கென்று தனியாக எதையும் ஒட்டவில்லை. முதல் இரண்டும் இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடங்கள். கோல்கொண்டேயில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

ஒரு சின்ன கணக்கு

கூடுவாஞ்சேரி ஏறக்குறைய 12.8 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 உச்சி நேரத்தில் சூரியனின் உயரம் 90 − 12.8 − 23.4, அதாவது சுமார் 54 டிகிரி. அப்போது தெற்குச் சுவரில் 2 அடி சன்ஷேட் இருந்தால், கிட்டத்தட்ட 2¾ அடிக்கு நிழல் விழும். ஜூன் உச்சிவெயிலிலோ சூரியன் வடக்கே போய்விடுவதால், தெற்குச் சுவரில் நேர் வெயிலே படாது.

மேற்குச் சுவர் கதை வேறு. மார்ச் கடைசியில், மாலை 4 மணி வாக்கில் சூரியன் சுமார் 30 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே 2 அடி சன்ஷேட் தருவது ஒரு அடியை ஒட்டிய நிழல்தான். அதனால் மேற்கே பெரிய கண்ணாடி வைத்த பெட்ரூம் என்றால், பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி உங்களுக்குத் தரும். ஏசி ஓடும், கரண்ட் பில் ஏறும். அங்கே வேண்டியது செங்குத்துப் பட்டைகள், வராந்தா அல்லது ஒரு மரம்.

ஆக, அப்பா அந்த நோட்டீஸை நீட்டும்போது மூன்று கேள்வி கேளுங்கள். மேற்கே என்ன இருக்கிறது? மாடித் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது? 2015-ல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது? மூன்றாவதை பில்டரிடம் கேட்காதீர்கள், தெருமுனை டீக்கடையில் கேளுங்கள். முடிந்தால் ஏப்ரல் மாதம் மதியம் 3 மணிக்கு மனைக்குப் போய், மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள்.